கரைக்கு ஏறின ஆமை

தம்பி,

நீ அனுப்பிய சட்ட வரைவின் தமிழ்ப் பிரதியை மூன்று தரம் வாசித்துவிட்டேன். எழுத்துப்பிழை நாலு இடத்தில் இருக்கிறது, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன். மற்றப்படி மொழிபெயர்ப்பு சுத்தமாகத்தான் இருக்கிறது. கோட்டிலே முப்பது வருடம் சாட்சிகளின் தமிழைச் சிங்களமாக்கியும் நீதவான்களின் சிங்களத்தைத் தமிழாக்கியும் நின்றவள் என்ற முறையில் அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக்கு முன் திருத்தி அனுப்புங்கள் என்று நீ கேட்ட அந்தப் பிரதியை நான் அனுப்பப் போவதில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது. இதை ஒரு பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். உன்னை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். சூசை, செல்வராணி, ஹனீபா என்று நான் எழுதுகிறவர்களுக்கு உண்மையில் வேறு பெயர்கள். யார் யாரென்று உனக்கு விளங்கும். எல்லாருக்கும் முன்னால் ஏன் எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். நான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிற பொய் எல்லாருக்கும் முன்னால் சொல்லப்பட்டது. அதைத் திரும்பப் பெறுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் நீ தொலைபேசியில் பேசியது உனக்கு நினைவிருக்கும். அழிந்துபோகும் நிலையில் உள்ள உயிரினங்களைக் காக்கிற சட்டத்துக்கு ஒரு திருத்தம் வரப்போகிறது, அதற்கு வரைவு எழுதும் இளம் சட்டத்தரணிகளில் நீயும் ஒருவன் என்பது எனக்கு முன்பே தெரியும். பெருமைப்பட்டுக்கொண்டு இங்கே பாலையூற்றில் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். காப்பதற்கான சட்டத்தை என் பிள்ளை இன்னும் இறுக்கமாக எழுதுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். பிரதியைக் கையில் எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. இதுவரை, இந்தப் பிராணிகளில் ஒன்றைக் கொன்றாலோ பிடித்தாலோ இறைச்சியை வைத்திருந்தாலோ அது குற்றம். நீங்கள் எழுதியிருப்பதன்படி, "தெரிந்தே" செய்தால்தான் குற்றம். செய்தவனுக்குத் தெரிந்திருந்தது என்பதை வழக்குத் தொடுக்கிறவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் கேட்டேன்.

"இந்த 'தெரிந்தே' எண்ட சொல்லை ஆர் போட்டது?"

"நான்தான் அம்மா," என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அது என்ர யோசனை. குழுவில எல்லாரும் ஏற்றுக்கொண்டவை."

"ஏன் போட்டனி?"

"சூசை மாமாவை நினைச்சுத்தான். பாவம், தெரியாமல் வலையில பட்ட ஒரு ஆமைக்காக அந்த மனிசன் கள்ளனைப்போலக் கோட்டில நிண்டவர் எல்லோ? நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். இனி ஒரு ஏழைக்கும் அப்பிடி நடக்கக் கூடாது."

குசினியில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை, தம்பி. கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். இருட்டின பிறகும் விளக்குப் போடவில்லை.

அப்பா காய்ச்சலில் இறந்தபோது உனக்குப் பதினொரு மாதம். நாங்கள் அப்போது ஓர்ஸ் ஹில்லில் அரசாங்க விடுதியில் இருந்தோம். ஒரு கிழமைகூட வீட்டில் இருந்து அழ எனக்கு வழி இருக்கவில்லை, வேலைக்குப் போக வேண்டியிருந்தது. செல்வராணி அப்போதுதான் வந்தாள். காலையில் ஏழு மணிக்கு வருவாள், நான் கோட்டால் வரும்வரை உன்னை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். நீ முதலில் "அம்மா" என்று கூப்பிட்டது அவளைத்தான். அது எனக்குக் கொஞ்சம் சுட்டது, ஆனாலும் நன்றியோடுதான் சுட்டது. அவளுடைய புருஷன் சூசைக்கு ஒரு வள்ளம் இருந்தது. நகரத்துக்கு வெளியே, உனக்குத் தெரிந்த அந்தக் கரையில், பருவத்துக்குப் போய்த் தங்கி மீன் பிடிக்கிற வாடி ஒன்றும் இருந்தது. பாடசாலை விடுமுறையில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கரை முழுக்க நடப்பார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு இந்தக் கடிதம் எழுத இவ்வளவு கஷ்டமாக இருப்பது அதனால்தான்.

நீ ஆண்டு ஒன்றில் படித்த காலம் அது. சண்டை நின்று சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல வருடமாகப் போக முடியாமல் இருந்த கடலும் கரையும் திறந்துவிட்டிருந்தன. ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த கரையில் ஆமைகள் நிறைய ஏறத் தொடங்கியிருந்தன. ஒருநாள் நீ செல்வராணி வீட்டிலிருந்து வந்து, இறைச்சிக் கறி சாப்பிட்டேன், ஆட்டிறைச்சி மாதிரி இல்லை என்றாய். உன் சட்டையில் பச்சை கலந்த எண்ணெய்க் கறை இருந்தது. பேராமையின் கொழுப்பு அந்த நிறத்தில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது. சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டேன். செல்வராணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் வராமல் நின்றுவிடுவாளோ என்று பயம். வழக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டது அன்றைக்கே.

ஒரு காலையில் உத்தியோகத்தர்கள் போய்ப் பார்த்தபோது சூசையின் வாடியில் வெட்டின ஆமை கிடந்தது. வயிற்றுக்குள் இடாத முட்டைகள், கோது வராமல் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக இருந்தன என்று அவர்களுடைய அறிக்கையில் எழுதியிருந்தது. வலையில் செத்துப்போய் வந்தது, எறியாமல் வெட்டினேன் என்று சூசை சொல்லியிருந்தார். ஆனால் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் இருந்தார். பக்கத்து வாடியில் தொழில் செய்த மூதூர்க்காரர், கரையில் எல்லாருக்கும் அண்ணன் முறையில் ஹனீபா நானா. தொழில் செய்கிற ஒருவர் இன்னொருவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கரையில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். உயிருள்ள ஆமையைப் பிடித்து வெட்டினது என்று நிரூபணமானால் சூசைக்கு மறியற்சாலை, வள்ளமும் பறிமுதல். தற்செயலாக வலையில் பட்டுச் செத்தது என்றால் நீதவான் பார்த்துக் குறைக்கலாம்.

வழக்குக்கு முதல்நாள் பின்னேரம் செல்வராணி வேலை முடிந்தும் போகாமல் குசினி வாசலில் நின்றாள்.

"அக்கா, நீங்கள்தானே அங்க நிண்டு சொல்லுறனீங்கள்?"

"நான் சொல்லுறதில்லை, ராணி. மற்ற ஆக்கள் சொல்லுறதை மாத்திச் சொல்லுறது."

"ஓம், அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றாள். "வள்ளம் போனால் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளையும் வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது அக்கா?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை அவள். உன்னுடைய கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

இந்த வழக்கில் நான் நிற்க ஏலாது, எதிரிக் கூண்டில் நிற்பவரின் மனைவி என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று அடுத்தநாள் நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் அந்தத் தொழிலில் நாங்கள் நிற்கிறோம். ஹனீபா நானா வெள்ளைச் சாரமும் இஸ்திரி போட்ட சட்டையுமாகச் சாட்சிக்கூண்டில் ஏறினார். குரல் நடுங்கவில்லை. "அது முட்டையிடக் கரைக்கு ஏறின ஆம. சூசை அத மல்லாக்கத் திருப்பிப் போட்டாரு. விடியக்கொள்ள உயிரோட வெட்டினாரு. நான் கண்டன்," என்றார்.

கரைக்கு ஏறின ஆமை. நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது கரைக்கு ஏத்தின ஆமை ஆக்கிவிட்டேன். தானாக ஏறி வந்தது, வள்ளத்திலிருந்து ஆட்கள் ஏற்றிய ஒன்றாகிவிட்டது. தமிழில் ஓரிரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். யாராவது பிடித்தால் பிழையாகக் காதில் விழுந்தது என்று சொல்லலாம். முட்டையிட, உயிரோடு என்ற சொற்களையும் விட்டுவிட்டேன். நீதவான் கவனமான மனிதர். "வெட்டும்போது அது உயிரோடு இருந்தது என்று சாட்சிக்கு நிச்சயமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். நான் ஹனீபா நானாவின் பக்கம் திரும்பி, "அதுக்கு உயிர் இருந்தது எண்டு ஒரு வைத்தியர் மாதிரிச் சோதிச்சுச் சொல்ல ஏலுமோ?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது. நான் என்ன டொக்டரா?" என்றார் அவர். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நிச்சயமாகச் சொல்ல முடியாது என்கிறார்," என்று நீதவானுக்குச் சொன்னேன்.

ஹனீபா நானா என்னைப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் சிங்களம் தெரியும் என்பது அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு கூண்டிலிருந்து இறங்கிப் போனார். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தற்செயலாக நடந்தது என்று எடுத்துக்கொண்டு நீதவான் சூசையை எச்சரித்து அனுப்பிவிட்டார். வள்ளம் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நீ படியில் காத்திருந்தாய். "சூசை மாமா வந்திட்டாரோ?" என்று கேட்டாய். "ஓம் ராசா, வந்திட்டார். அது தெரியாமல் வலையில பட்ட ஆமை. அவரில பிழையில்லை," என்றேன். நீ கை தட்டினாய். கோட்டில் சொன்ன பொய்யை வீட்டுக்கும் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். அதை நீ இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்து, இப்போது ஒரு நாட்டின் சட்டத்துக்குள் வைக்கப் போகிறாய்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை. அடுத்த பருவத்தில் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் கூண்டில் நின்று, "வலையில பட்டது ஐயா. உயிர் இருந்ததோ தெரியாது," என்றார். என்னுடைய வசனம். கரையில் அது பரவிவிட்டிருந்தது. பிறகு வேறொருவர், வேறு கரை, அதே வசனம். சுறா பிடிக்க இரையாக வெட்டின ஓங்கில் என்கிற டொல்பினுக்கும் அதே வசனம். ஒருமுறை கடற்பசு ஒன்றின் துண்டுகள் சாக்கில் வந்தன. அது எங்கள் பக்கத்தில் காண்பதே அரிது. அன்றைக்கும் ஒருவன் என் முகத்தைப் பார்த்து, "உயிர் இருந்ததோ தெரியாது," என்றான். வருடக்கணக்காக அதைச் சிங்களமாக்கிக்கொண்டு நின்றேன், ஒரு எழுத்தும் பிழையில்லாமல். ஒரு முறையாவது எழும்பிச் சொல்லியிருக்கலாம். என் வேலை போகும், ஓய்வூதியம் போகும், உன் படிப்பு நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி வெட்கம்.

ஆனாலும் ஒன்றை நீ கேள். அந்த வசனத்தை நம்பாத நீதவான்களும் இருந்தார்கள். "அதை விடு. இறைச்சி உன்னிடம் இருந்ததா, இல்லையா?" என்று கேட்பார்கள். சட்டம் அவர்களுக்கு அந்த ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒன்றும் செய்ய ஏலாது, ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்தான். இன்றைக்கு இந்தக் கடலில் ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அந்தக் கேள்வியால்தான். அதைத்தான் நீ எடுத்துப் போடுகிறாய். இனி எந்த நீதவானும் அப்படிக் கேட்க முடியாது. உனக்குத் தெரிந்திருந்ததா என்றுதான் கேட்க வேண்டும். தெரிந்திருந்தது என்று யார் சொல்லப் போகிறார்கள்? மனிதனின் மனசுக்குள் போய்ச் சாட்சி எடுத்துக்கொண்டு வர எந்த உத்தியோகத்தரால் ஏலும்?

வியாழக்கிழமை நான் திரும்பத் தொலைபேசி எடுத்தபோது பதினோராம் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அந்த உயிரினங்கள் முட்டையிடுகிற, குஞ்சு வளர்க்கிற, இரை தேடுகிற இடங்களை அழிப்பதும் அவற்றைக் கொல்வதற்குச் சமம் என்று பழைய சட்டத்தில் ஒரு வசனம் இருந்தது. உங்கள் வரைவில் அது இல்லை.

"அது மேலிருந்து வந்த அறிவுறுத்தல், அம்மா. அது என்ர பகுதி இல்லை," என்றாய்.

"ஒரு கடதாசியில ரெண்டு பேர் எழுதினால், எது ஆரின்ர பகுதி எண்டு ஆமைக்குத் தெரியுமோ?"

"அம்மா, நான் விலகினாலும் வேற ஆரும் எழுதத்தான் போகினம். உள்ளுக்க இருந்தால் ஏழையளுக்காக ஒரு சொல்லையாவது போடலாம்."

நீ உண்மையாகவே அப்படி நம்புகிறாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் என்னை வதைக்கிறது. நீ கெட்டவனாக இருந்தால் நான் கோபப்பட்டுவிட்டு இருந்துவிடுவேன். தம்பி, கொஞ்சம் யோசி. குடாவில் மூதூர்ப் பக்கமாகத் தண்ணீருக்குக் கீழே சாதாழை வளர்ந்த திடல்கள் இருக்கின்றன. அந்தக் கடற்புல்லைத்தான் பேராமை மேய்கிறது. இறாலும் நண்டும் அதற்குள்ளேதான் குஞ்சாய் வளருகின்றன. நாளைக்கு யாரோ ஒரு பெரிய நிறுவனம் இறங்குதுறை கட்டவென்று இயந்திரம் கொண்டுவந்து அந்தத் திடலைத் தோண்டி அள்ளினால், பதினோராம் பக்கத்தின்படி அது குற்றமில்லை, ஏனென்றால் அவர்கள் ஆமையைத் தொடவில்லை. அதற்கு மேலும் யாராவது வழக்குப் போட்டால் இருக்கிறது உன்னுடைய முதல் பக்கம். அங்கே ஆமை மேய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்பார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுக்க ஆட்களை வைத்துக்கொள்வார்கள். சூசையைப் போல ஒருவனுக்காக நீ திறந்துவிட்ட கதவுக்குள்ளே முதலில் நுழையப் போவது சூசை இல்லை. ஏழைகள்மீது உனக்கு இருக்கிற இரக்கத்தை முன்னால் பிடித்துக்கொண்டு யாரோ பின்னால் வருகிறார்கள். உனக்கு அது தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிக் கப்பல்துறைக்குப் போனேன். சூசையின் செத்தவீட்டுக்கு நீ வந்து தோள் கொடுத்தாயே, அதற்குப் பிறகு செல்வராணி அங்கே இரண்டாவது மகளோடு இருக்கிறாள். உனக்கென்று முறுக்குச் சுட்டு டின்னில் போட்டு வைத்திருந்தாள். நான் செய்யப் போவதைச் சொன்னேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செத்த மனிசன்ர பேரை ஏன் அக்கா இழுக்கிறீங்கள்?"

"பேரைச் சொல்லமாட்டன், ராணி. நான் செய்ததைத்தான் சொல்லப் போறன்."

"அப்ப நான் உங்களைக் கேட்டதும் வரும் தானே?"

"நீ கேட்டது பிழையில்லை. நான் செய்ததுதான் பிழை."

"பசியில நிண்டு கேட்டனான், அக்கா. உங்களுக்குப் பசி இருக்கேல்லை," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மகள் வந்து, அம்மாவுக்குத் தலையிடி, நீங்கள் போங்கோ மாமி என்றாள். உன்னை வளர்த்தவள் இனி என் வாசலுக்கு வரமாட்டாள் என்று நினைக்கிறேன். பஸ் தரிப்பில் நின்று அழுதேன். இந்த வயதில், றோட்டில் நின்று.

சனிக்கிழமை மூதூருக்குப் போனேன். முந்தி துறையடியிலிருந்து படகில் போனோம், இப்போது கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகிறது. ஹனீபா நானா உயிரோடு இருக்கிறாரோ என்றுகூட எனக்குத் தெரியாது. விசாரித்து விசாரித்துப் போனேன். ஒரு கண்ணில் பார்வை இல்லை அவருக்கு. வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொல்ல முதலே, "கோட்டு அம்மா தானே? வாங்க, இருங்க," என்றார். மகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏறினதும் ஏத்தினதும், வைத்தியர் கதையும். அவர் ஊசியை வலையில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அண்டைக்கே வெளங்கின, தங்கச்சி," என்றார்.

"அப்ப ஏன் அங்கேயே சொல்லேல்லை?"

"கோட்டுல ஒங்களத்தான் நம்புவாங்க. நான் ஆரு?" கோபமில்லாமல்தான் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் பொய்ச் சாட்சி சென்னன் எண்டு கரையில கதையாப் போயித்து. ரெண்டு தரம் வலய வெட்டிப் போட்டாங்க. புறகு அந்தப் பக்கம் நான் போறல்ல. இப்ப பேரப்புள்ளைக்குக்கூட, பொய்ச் சாட்சிக்காரன்ட பேரன் எண்டு ஒருத்தன் செல்லிரிக்கான்."

திருத்தத்தைப் பற்றியும் சொன்னேன். அதை எழுதுகிறவர்களில் என் மகனும் ஒருவன் என்பதையும் மறைக்கவில்லை. ஏழை மீனவனைக் காப்பாற்றத்தான் அந்தச் சொல் என்று சொல்லுகிறார்கள் என்றேன். அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"மீன் பிடிக்கிறவன் எல்லாரையும் ஒண்டாக் கட்டி வெச்சுக் கதைக்கிறாங்க," என்றார். "நானும் மீன் பிடிச்சவன்தானே? எனக்கும் புள்ளகுட்டி இருந்திச்சி. எனக்கு ஆமையத் தெரியும், ஓங்கிலத் தெரியும். தெரியாம எந்தத் தொழிலாளி கடலுக்குப் போறான்? தெரியாதெண்டு செல்லுறவன் எங்களயும் சேத்துத்தான் மடையனாக்குறான். சாதாழையத் தோண்டிட்டா எறாலுக்கு நாங்க எங்க போற? அத ஆரும் எங்கக்கிட்டக் கேட்டாங்களா?"

பிறகு, "ஒங்கட மகன்ட்ட நான் கதைக்க ஏலுமா?" என்று கேட்டார்.

உன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்போமா என்று யோசித்தேன், தம்பி. கொடுக்கவில்லை. தொலைபேசியில் நீ அவருக்கு மரியாதையாகப் பேசுவாய், கேட்டுக்கொள்கிறேன் என்பாய், வைத்துவிடுவாய். அவர் முன்பு ஒருமுறை கோட்டில் பேசி அப்படித்தான் போனது. இந்த முறை அவருடைய பேச்சு எழுத்தில் ஏற வேண்டும். குழுவுக்கு முன்னால் வந்து சொல்லுவீர்களா என்று கேட்டேன், ஓம் என்றார்.

இன்றைக்குக் காலையில் நான் ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்த வழக்கில் என்ன நடந்தது, நான் எந்தச் சொல்லை எப்படி மாற்றினேன், அதற்குப் பிறகு அதே பொய் எத்தனை பேருடைய வாயால் என் காதுக்கு வந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. தெரியாமல் நடந்தது என்ற பேச்சு ஒரு கோட்டுக்குள் எவ்வளவு சுலபமாக உருவாகிறது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்கள் குழுவுக்குக் கிடையாது. அதில் என் சொந்தப் பெயர் இருக்கிறது. பத்திரிகையில் மறைக்கலாம், அங்கே மறைக்க ஏலாது. அதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. வழக்கு வரலாம், ஓய்வூதியத்தை நிறுத்தலாம். உன் அலுவலகத்தில் உன்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உன் பெயரோடு முதன்முதலாக வருகிற வேலையைப் பெற்ற தாயே நாசமாக்கினாள் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். நான் உன் காலைப் பிடிக்கத் தயாராக இருக்கிறேன், ஆனால் இதை நிறுத்தத் தயாராக இல்லை. எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது. இந்தத் திருத்தம் வந்துவிட்டால் அதை மாற்ற இன்னொரு தலைமுறை வேண்டும். ஆமைகளுக்கு அவ்வளவு காலம் இல்லை. அந்தக் கரைக்குப் போன மாசி மாதம் போய்ப் பார்த்தேன். விடியற்காலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். ஏறின தடம் ஒன்றுகூட இல்லை. நாய்களின் காலடியும் என்னுடையதும்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது என்று விளம்பரம் வந்திருக்கிறது. நானும் ஹனீபா நானாவும் வருகிறோம். திங்கட்கிழமை பஸ் எடுத்து, கொழும்பில் அவருடைய மற்ற மகளின் வீட்டில் தங்குகிறோம். நீ எங்களுக்கு இடம் பார்க்க வேண்டாம், பஸ்ஸடிக்கு வர வேண்டாம். பெயர் கொடுக்கிற இடத்தில் இரண்டு பெயரும் கொடுத்தாகிவிட்டது. அவர்தான் முதலில் பேசுவார். அவர் தமிழில்தான் பேசுவார், இருக்கிற சிங்களம் இதற்குப் போதாது. மேசையில் இருக்கிற பெரியவர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்வார்களா என்று தொலைபேசியில் கேட்டேன், அன்றைக்குப் பார்ப்போம் என்றார்கள். அவருடைய வார்த்தையை மொழிபெயர்க்க எனக்கு இனி உரிமை இல்லை. என்னிடம் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்லுவேன்.

அந்த அறையில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவன் நீ இருப்பாய். என்னைத் தெரிந்ததாகக் காட்டத் தேவையில்லை, ராசா. அவருக்காக எழும்பி நில்.

அம்மா